பட்டிப்பூவில் மருந்து இருக்கிறது, பட்டிப்பூக் குடிநீர் மருந்தா?

யாழ்ப்பாணத்தில் பட்டிப்பூ இல்லாத வளவைக் காண்பது அரிது. ஆசைப்பட்டு நட்டு வளர்ப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்ற இடங்களிலெல்லாம் அது தானாக முளைத்துத் தானாகப் பரவும். கிணற்றடி வாய்க்கால் ஓரத்திலும் நிற்கும், பங்குனி வெயிலில் மதிலடிக் கல்லிடுக்கிலும் வாடாமல் நிற்கும். ஆடு மாடு வாய் வைக்காது. வெள்ளையும் ஊதாவுமாக ஆண்டு முழுக்கப் பூக்கும். சுவாமிப் படத்துக்கு வைக்க வேறு பூ கிடைக்காத நாளில் கைகொடுப்பதும் அதுதான். தமிழ்நாட்டில் இதையே நித்தியகல்யாணி என்பார்கள்.

இந்தச் செடியைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. "சீனி வருத்தத்துக்கு வெள்ளைப் பட்டிப்பூவை அவிச்சுக் குடியுங்கோ, குளிசையே தேவையில்லை" என்பது ஒன்று. "கான்சர் மருந்தே இதிலயிருந்துதான் எடுக்கிறாங்கள். எங்கட வளவில நிக்கிறதை விட்டிட்டு ஏன் ஊசிக்கு ஓடுறியள்?" என்பது மற்றது. வட்ஸ்அப்பில் வருகிறது, கோயில் வீதியில் கேட்கிறது, நோயாளியைப் பார்க்க வருபவர்கள் கட்டிலருகில் நின்றும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இரண்டாவது பேச்சின் முதற்பாதி முழு உண்மை. அதனால்தான் அதன் பிற்பாதி ஆபத்தானதாகிறது. புற்றுநோய் மருந்துகள் இந்தச் செடியிலிருந்து வந்தன என்பதில் ஐயமே இல்லை. ஆனால் செடிக்குள் மருந்து இருப்பதும் செடியே மருந்தாக இருப்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையில் இருப்பது அளவு. அந்த அளவு என்ன, அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை மருத்துவம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

செடிக்குள் என்ன இருக்கிறது

பட்டிப்பூ இலையைக் கடித்துப் பார்த்தால் நல்ல கைப்பு. அந்தக் கைப்புக்கு முக்கிய காரணம் அல்கலொயிட்டுகள். அல்கலொயிட்டு என்பது தாவரங்கள் உருவாக்கும், நைதரசன் அடங்கிய ஒருவகைச் சேர்மம். பெரும்பாலும் கைக்கும், மிகச் சிறிய அளவிலேயே உடலில் வலுவாக வேலை செய்யும். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கபீன் ஓர் அல்கலொயிட்டு. மலேரியாவுக்குக் கொடுத்த குயினைன் இன்னொன்று. நம் தோட்டங்களில் விளையும் புகையிலையில் இருக்கும் நிக்கொட்டீனும் அதே இனம்தான்.

தாவரங்கள் இவற்றை நமக்காக உருவாக்கவில்லை. இடம்விட்டு ஓட முடியாத செடி, தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும் தடுக்க வைத்திருக்கும் பாதுகாப்பு இது. பட்டிப்பூவை ஆடு ஒதுக்குவதற்கான காரணமும் இதுவே. நஞ்சுக்குப் பேர்போன அலரியும் பட்டிப்பூவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று சொன்னால் பலர் வியப்படைவார்கள்.

பட்டிப்பூவிலிருந்து 100க்கும் மேற்பட்ட அல்கலொயிட்டுகளை வேதியியலாளர்கள் பிரித்து அடையாளம் கண்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு மூன்றே பெயர் போதும்: வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டீன், அஜ்மலிசின். முதலிரண்டும் இலையில் மிகமிக அரிதாகக் கிடைக்கும் புற்றுநோய் மருந்துகள். மூன்றாவது வேரில் கூடுதலாக இருக்கும், குருதி அமுக்கத்தைக் குறைக்கக்கூடியது. ஒரு செடியை வேரோடு பிடுங்கி அவித்தால் இவை மட்டுமல்ல, மிச்சம் நூற்றுச் சொச்சமும் சேர்ந்தே பானைக்குள் இறங்குகின்றன.

மரபில் எதற்குப் பயன்படுத்தினார்கள்

பட்டிப்பூவின் பிறப்பிடம் மடகாஸ்கார் தீவு. அங்கிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தாவரத் தோட்டங்களுக்குப் போய், கப்பல் போன வெப்ப நாடுகளிலெல்லாம் குடியேறிவிட்டது. உயிரினங்களுக்கு அறிவியற் பெயர் சூட்டிய சுவீடன் அறிஞர் லின்னேயசு அதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டது 1759இல். இப்போதைய அறிவியற் பெயர் கதராந்தஸ் ரோசியஸ். மருந்துகளின் பெயரிலுள்ள 'வின்' அந்தப் பழைய பெயரின் மிச்சம்.

போய்ச் சேர்ந்த ஒவ்வொரு நாட்டிலும் மக்கள் அதற்கு ஒரு மருத்துவப் பயனைக் கண்டார்கள். இந்தியாவில் குளவி கொட்டிய இடத்தில் இலைச்சாற்றைத் தேய்த்தார்கள். ஹவாயில் அவித்த செடியை வைத்துக் கட்டி இரத்தப்போக்கை நிறுத்தினார்கள். கரீபியன் தீவுகளில் பூவிலிருந்து எடுத்த நீரால் குழந்தைகளின் கண்ணைக் கழுவினார்கள். சீன மருத்துவத்தில் இருமலுக்கும் சிறுநீர் பெருக்கவும் கொடுத்தார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நாடுகளில் ஒரே பயன் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது: நீரிழிவு. யமேக்கா, பிலிப்பைன்ஸ், தென்னாபிரிக்கா, இந்தியா, இலங்கை என எங்கும் இலையையோ பூவையோ அவித்துச் சீனி வருத்தத்துக்குக் குடித்திருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் புற்றுநோய் இல்லை என்பதைக் கவனியுங்கள். "எங்கட முன்னோருக்கு அப்பவே தெரியும்" என்று பெருமையாகச் சொல்கிறோம். முன்னோருக்குத் தெரிந்தவை நிறைய உண்டு. ஆனால் பட்டிப்பூவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு மரபிலிருந்து நமக்கு வரவில்லை. அது 1950களில் ஆய்வுகூடத்தில் தற்செயலாக வெளிப்பட்டது.

இதுவரை வந்ததைத் திரட்டிக்கொள்வோம். செடியின் வீரியம் அல்கலொயிட்டுகளில் இருக்கிறது. அவை பல. மரபு இந்தச் செடியை முதன்மையாக நீரிழிவுக்குப் பயன்படுத்தியது, புற்றுநோய்க்கு அல்ல.

யமேக்காவிலிருந்து ஒரு கடித உறை

கண்டுபிடிப்பு நடந்த இடம் நம்மவர்களுக்குத் தூரமானதல்ல. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் லண்டன் என்று ஒரு நகரம் இருக்கிறது, இங்கிலாந்து லண்டன் அல்ல, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன். அங்குள்ள மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் றொபேட் நோபிள் என்ற மருத்துவ ஆய்வாளர் வேலை செய்தார். அவருடைய அண்ணன் கிளார்க் நோபிள் ரொறன்ரோவில் வைத்தியர்.

கிளார்க் நோபிளுக்கு நீரிழிவோடு பழைய தொடர்பு உண்டு. 1921இல் பான்ரிங் என்ற கனடிய வைத்தியர் இன்சுலின் ஆய்வைத் தொடங்கியபோது உதவிக்கு இரண்டு மாணவர்கள் இருந்தார்கள், ஒருவர் சார்ல்ஸ் பெஸ்ட், மற்றவர் கிளார்க் நோபிள். யார் முதலில் வேலை தொடங்குவது என்று நாணயம் சுண்டினார்கள். பெஸ்ட் வென்றார், இன்சுலின் வரலாற்றில் அவர் பெயர் நின்றது. அந்த நாணயம் மற்றப் பக்கமாக விழுந்திருந்தால் பட்டிப்பூவின் கதை எப்படிப் போயிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

1952இல் கிளார்க் நோபிளுக்கு யமேக்காவிலிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே 25 பட்டிப்பூ இலைகள். இன்சுலின் கிடைக்காத இடங்களில் இதைத் தேத்தண்ணிபோல ஊறவைத்து நீரிழிவுக்குக் குடிக்கிறார்கள் என்ற குறிப்பும் இருந்தது. அவர் அதைத் தம்பிக்கு அனுப்பினார்.

றொபேட் நோபிள் குழு இலைச்சாற்றை எலிகளுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தது. குருதியில் சீனி குறையவில்லை. ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் சீனியில் மாற்றமில்லை, ஆனால் எலிகள் ஒரு வாரமளவில் செத்துப்போயின. 'மருந்து சரிவரவில்லை' என்று அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. செத்த எலிகளை அறுத்துப் பார்த்தபோது உடலெங்கும் கிருமித் தொற்று. தொற்றை எதிர்க்கும் வெண்குருதிக்கலங்கள் அடியோடு குறைந்திருந்தன. அந்தக் கலங்களை உற்பத்தி செய்யும் என்புமச்சை, அதாவது எலும்புகளின் நடுவே இருக்கும் மென்மையான பகுதி, ஒடுங்கிப்போயிருந்தது.

வெண்குருதிக்கலங்களை இப்படி அழிக்கும் ஒரு பொருள், அதே கலங்கள் கட்டுமீறிப் பெருகும் குருதிப் புற்றுநோய்க்குப் பயன்படலாமே என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. குழுவிலிருந்த வேதியியலாளர் சார்ல்ஸ் பியர் அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அதுவே வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவின் ஈலை லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வொபோடாவும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். குருதிப் புற்றுநோய் கொடுக்கப்பட்ட சுண்டெலிகள் பட்டிப்பூச் சாற்றால் கூடுதல் நாள் உயிர்வாழ்வதை அந்தக் குழு கண்டது. அங்கிருந்து வின்கிறிஸ்டீன் வந்தது. இரண்டும் 1960களில் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றன.

அதற்கு முன் குருதிப் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் சில மாதங்களில் இறந்தார்கள். பிள்ளைகளுக்குக் கூடுதலாக வரும் குருதிப் புற்றுநோய் வகையில் இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். வின்கிறிஸ்டீன் தனியாக இதைச் செய்யவில்லை, வேறு மருந்துகளோடு சேர்ந்தே செய்கிறது. ஆனால் அந்தக் கூட்டில் அது இன்றைக்கும் இடம் இழக்கவில்லை.

ஆக, மரபு சுட்டிய நோய் ஒன்று, கிடைத்த மருந்து வேறொன்றுக்கு. யமேக்கா மக்கள் அந்தத் தேத்தண்ணியைக் குடித்திராவிட்டால் இந்த இலை நோபிளின் ஆய்வுகூடத்துக்குப் போயிருக்காது என்பதும் உண்மை. மரபுக்கு அந்த மதிப்பைக் கொடுத்தே ஆகவேண்டும்.

தும்பும் கயிறும்: மருந்து எப்படி வேலை செய்கிறது

தும்புக் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனால் கயிறு நீளும். சேர்ப்பதை நிறுத்தினால் நின்றுவிடும். முறுக்கைப் பிரித்தால் திரும்பவும் தும்பாகும். நம் உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இப்படியொரு கயிறு திரிக்கும் வேலை ஓயாமல் நடக்கிறது. தும்பின் இடத்தில் இருப்பது தியூபுலின் என்ற புரதம். தியூபுலின் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து உருவாகும் கயிற்றுக்கு நுண்புன்குழாய் என்று பெயர்.

இந்தக் கயிறு எதற்கு? ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது, பரம்பரைத் தகவலைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் முதலில் இரட்டிப்பாகும். பிறகு அவை கலத்தின் நடுவில் வரிசையாக நிற்கும். இரு முனைகளிலிருந்தும் கயிறுகள் வந்து அவற்றைப் பற்றி, பாதியை ஒரு பக்கமும் பாதியை மறுபக்கமும் இழுக்கும். கயிறு இல்லையென்றால் பங்கீடு இல்லை, பங்கீடு இல்லையென்றால் புதிய கலம் இல்லை.

வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டீனும் தியூபுலினில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியபின் அடுத்த துண்டு வந்து சேர முடியாது. தும்பு குவியலாகக் கிடக்கும், கயிறு மட்டும் திரியாது. நிறமூர்த்தங்கள் நடுவில் நின்றபடி நின்றுவிடும். பாதி வழியில் சிக்கிய கலம் கடைசியில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். புற்றுநோய்க் கலங்கள் ஓயாமல் பிரிபவை என்பதால் அடி அவற்றில் கூடுதலாக விழுகிறது.

ஆனால் மருந்துக்குப் புற்றுநோய்க் கலம் எது, நல்ல கலம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. விரைவாகப் பிரியும் எதையும் அது தாக்கும். என்புமச்சை பாதிக்கப்பட்டால் வெண்குருதிக்கலங்கள் குறைந்து தொற்று வரும். மயிர்வேர் பாதிக்கப்பட்டால் முடி கொட்டும். வாயின் உட்பக்கத் தோல் பாதிக்கப்பட்டால் புண் வரும்.

நரம்புகள் பிரிவதில்லை, அவை ஏன் பாதிக்கப்படுகின்றன என்று கேட்கலாம். அங்கே கயிற்றுக்கு வேறு வேலை. இடுப்பிலிருந்து கால்விரல் வரை ஓடும் ஒரு நரம்பு இழை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம். அதற்கு வேண்டிய பொருட்கள் அனைத்தும் மேலேயுள்ள கல உடலில் உருவாகி, நுண்புன்குழாய்க் கயிறுகளைப் பிடித்துக்கொண்டே கீழே போகவேண்டும். கயிறு குலைந்தால் நரம்பின் நுனிக்கு வழங்கல் நிற்கும். அதனால்தான் வின்கிறிஸ்டீன் ஏற்றுபவர்களுக்கு முதலில் கால்விரலும் கைவிரலும் விறைக்கின்றன. மலச்சிக்கலும் தாடை நோவும்கூட அந்த மருந்தின் நரம்புப் பாதிப்புகளே.

வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டீனும் மூலக்கூறு அமைப்பில் ஒரு மூலையில் மட்டுமே வேறுபடுகின்றன. அந்தச் சின்ன வேறுபாட்டுக்கே ஒன்று என்புமச்சையைக் கூடுதலாகத் தாக்குகிறது, மற்றது நரம்பைக் கூடுதலாகத் தாக்குகிறது. ஒரே இலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு சேர்மங்களுக்கே இந்த வித்தியாசம்.

சுருக்கம் இவ்வளவுதான்: மருந்து குணப்படுத்துவதும் பாதிப்பதும் ஒரே செயலால். பக்கவிளைவை ஏற்படுத்த முடியாத அளவு கொடுத்தால் புற்றுநோயையும் அது தொடாது.

அளவுக் கணக்கு

இலையிலிருந்து ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பிரித்தெடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிடப் பல மடங்கு வேண்டும் என்று சொல்லும் மதிப்பீடுகளும் உண்டு. குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 500 கிலோவுக்கு ஒரு கிராம் என்றால் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம். வளர்ந்த ஒருவருக்கு ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஒரு தடவை ஏற்றும் வின்பிளாஸ்டின் 10 மில்லிகிராம் அளவில் வரும். அதை இலையாகக் கணக்கிட்டால் 5 கிலோ உலர்ந்த இலை. பச்சையாகப் பறித்தால் இன்னும் பல மடங்கு பாரம். ஒரு சிறங்கை காய்ந்த இலை, பத்துக் கிராம் என்று வைப்போம், அதில் இருப்பது 0.02 மில்லிகிராம். வின்கிறிஸ்டீன் இதைவிடவும் அரிது.

இதோடு வேறு தடைகளும் உண்டு. இந்த மருந்துகள் குடலால் சரிவர உறிஞ்சப்படுவதில்லை, அதனால்தான் நாளத்துக்குள் ஊசியாக ஏற்றுகிறார்கள். வின்கிறிஸ்டீன் குப்பிகளை ஒளிபடாமல் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருப்பார்கள். அவ்வளவு மென்மையான பொருளை அடுப்பில் கொதிக்கவைத்துக் குடிநீராக வடித்தால் அதில் எவ்வளவு மிஞ்சும்?

"அப்ப அதில ஒண்டுமில்லை எண்டால், குடிச்சால் என்ன நட்டம்?" என்பது இயல்பாக வரும் கேள்வி. மேலே போட்டது சராசரிக் கணக்கு. உங்கள் வளவுச் செடி சராசரிச் செடி அல்ல. செடியின் வயது, பருவம், மண், தண்ணீர்த் தட்டுப்பாடு, இலையா வேரா என்பதெல்லாம் சேர்ந்து அல்கலொயிட்டின் அளவை மாற்றும். மாரியில் பறித்த இலையும் வைகாசி வெயிலில் பறித்த இலையும் ஒன்றாக இராது. அந்த இரண்டு அரிய சேர்மங்கள் குறைவாக இருந்தாலும், அஜ்மலிசின் போன்ற மற்றவை கூடுதலாகவே இருக்கும். அவை குருதி அமுக்கத்திலும் வயிற்றிலும் தம் வேலையைக் காட்டும்.

இது வெறும் ஊகமும் அல்ல. புற்றுநோய்க்கு நல்லது என்று நம்பிப் பட்டிப்பூவை உட்கொண்டவருக்கு என்புமச்சை கடுமையாக ஒடுங்கியதைத் தைவான் வைத்தியர்கள் 2004இல் மருத்துவ இதழொன்றில் பதிவுசெய்திருக்கிறார்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று நம்ப முடியாத அளவு, ஆபத்தில்லை என்றும் நம்ப முடியாத அளவு. குடிநீரின் சிக்கல் இதுதான்.

வைத்தியசாலையில் அந்தச் சிக்கலை எப்படித் தவிர்க்கிறார்கள் என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். உயரத்தையும் நிறையையும் வைத்து உடற்பரப்பைக் கணக்கிட்டு அளவை முடிவுசெய்கிறார்கள். வின்கிறிஸ்டீன் என்றால் ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டவிடுவதில்லை. ஏற்றுவதற்கு முன் குருதிப் பரிசோதனை. நாளத்துக்கு வெளியே கசிந்தால் தசை வெந்துபோகும் என்பதால் தாதியர் பக்கத்திலேயே நிற்பார்கள். தவறி முள்ளந்தண்டு நீருக்குள் போனால் உயிரே போய்விடும் என்பதால் மருந்துப் பொதியிலேயே எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும். ஒரு மில்லிகிராமுக்கு இத்தனை காவல். இதே பொருளை 'ஒரு பிடி இலை, மூன்று பேணி தண்ணீர்' என்று அளக்கிறோம்.

சீனி வருத்தத்துக்கு உதவுமா

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கனடா ஆய்வில் சீனி குறையவில்லை. பின்னாளில் முயல், எலி போன்ற விலங்குகளில் நடந்த சில ஆய்வுகளில் இலைச்சாறு சீனியைக் குறைத்தது. மனிதரில், குளிசைக்குப் பதிலாக நம்பிக் குடிக்கலாம் என்று சொல்லுமளவுக்குச் சான்று இல்லை.

'கைப்பு சீனியை முறிக்கும்' என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. நாக்கில் கைப்பதும் குருதியில் சீனி குறைவதும் வேறுவேறு விஷயங்கள். பாகற்காயைக் கறியாகச் சாப்பிடுவதில் யாருக்கும் தீங்கில்லை. பட்டிப்பூ கறிக்குரிய செடி அல்ல.

வெள்ளைப் பூவுக்குத்தான் மருத்துவக் குணம், ஊதாவுக்கு இல்லை என்பதும் அடிக்கடி கேட்பது. பூவின் நிறத்தைத் தருவது வேறு நிறப்பொருள். இரண்டு நிறச் செடிகளிலும் அல்கலொயிட்டுகள் இருக்கின்றன. ஏற்றுமதிக்காகத் தென் தமிழ்நாட்டில் இந்தச் செடியைப் பயிரிடும்போதும் அவர்கள் விற்பது பூவை அல்ல, இலையையும் வேரையும்.

பரியாரியாரிடம் இருந்தது, செய்தியில் விடுபட்டது

இதையெல்லாம் வாசித்துவிட்டுச் சித்த வைத்தியத்தைக் குறைசொல்கிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். செகராசசேகரம், பரராசசேகரம் என்று அரசர் காலத்திலேயே மருத்துவ நூல்கள் தொகுத்த மண் இது. இன்றும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறார்கள், கைதடியில் அதற்கென்று வைத்தியசாலை இருக்கிறது.

முறையாகக் கற்ற பரியாரியார் எவரும் 'எல்லோரும் இதைக் குடியுங்கள்' என்று சொல்வதில்லை. நாடி பார்ப்பார், உடல்வாகைப் பார்ப்பார். எத்தனை நாள், எந்த அளவு, எதனோடு கலந்து, எந்தப் பத்தியத்தோடு என்று சொல்வார். நஞ்சுள்ள சரக்கென்றால் முதலில் சுத்தி செய்வார், அதாவது அதன் நச்சுத்தன்மையைக் குறைக்கும் பக்குவத்தைச் செய்த பின்பே மருந்தில் சேர்ப்பார். சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கும் வைத்தியர் இல்லை. நம் மரபின் அறிவு இலையின் பெயரில் மட்டும் இல்லை, இந்தக் கட்டுப்பாடுகளில்தான் பெரும்பகுதி இருக்கிறது. கைத்தொலைபேசியில் சுற்றும் செய்தி பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுப்பாடு முழுவதையும் வெட்டி எறிந்துவிடுகிறது. அதை மரபு என்று அழைப்பது நம் வைத்தியர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

வீட்டில் யாராவது குடித்துக்கொண்டிருந்தால்

ஏசவேண்டாம். ஏசினால் மறைத்துக் குடிப்பார்கள். பெரும்பாலும் பயத்தினாலும் பாசத்தினாலும்தான் இந்தக் குடிநீர் காய்ச்சப்படுகிறது. குடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்கில் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்: எந்தச் செடி, இலையா வேரா, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு. செடியில் ஒரு கொப்பை முறித்துக்கொண்டு போய்க் காட்டினால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு செடிகள் இருக்கின்றன.

நீரிழிவுக் குளிசையையோ இன்சுலினையோ இதை நம்பி நிறுத்தியிருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பிரெஷர் குளிசை எடுப்பவர்கள் குடித்திருந்தால் தலைச்சுற்றும் மயக்கமும் வரலாம். கர்ப்பிணிகள் இந்தச் செடியை எந்த வடிவிலும் உட்கொள்ளக்கூடாது. கலப் பிரிவைத் தடுக்கும் பொருள், கலம் பிரிந்து பிரிந்தே வளரும் சிசுவுக்கு என்ன செய்யும் என்பதை மேலே படித்ததிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். பூவை ஆய்ந்து சுவாமிக்கு வைப்பதில் ஒரு பிழையும் இல்லை. சின்னப் பிள்ளைகள் இலையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், செடியைப் பிடுங்கத் தேவையில்லை.

தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு சொல். உங்களுக்கு ஏற்கெனவே ஏறிக்கொண்டிருப்பதே இந்தச் செடியின் மருந்தாக இருக்கலாம். அதன் மேல் அளவு தெரியாத குடிநீரைச் சேர்த்தால், வெண்குருதிக்கலங்கள் எதனால் குறைந்தன என்று வைத்தியரால் கண்டுபிடிக்க முடியாமல் போகும். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலோ, வாய்ப்புண் கூடினாலோ, ஈறிலிருந்து இரத்தம் வந்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்கவேண்டாம். அன்றைக்கே, இரவானாலும், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.